இலவச விளையாட்டின் விலை

செகந்திராபாத்துக்கு வடக்கேயுள்ள அல்வாலில், இன்டர்நெட் மையத்தில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஆடிய வழக்கம் தேய்ந்து, 2018-இல் பப்ஜி மொபைல் காசின்றிக் கைபேசிக்குள் பிரவேசித்தபோது, விலை மறைந்துவிட்டதாகவே பலரும் கருதினர். அது மறையவில்லை, 'யூசி' என்னும் விளையாட்டு நாணயமாக ரூபம் மாறியிருந்தது. அந்த நாணயம் கொடுத்து ஒரு பெட்டியைத் திறந்தால் பனிக்கட்டி போல் வெளிறிய 'கிளேஸியர்' என்னும் அலங்காரத் தோல் போர்த்த எம்416 துப்பாக்கி கிட்டலாம், கிட்டாமலும் போகலாம்.

அலங்காரத்துக்குப் பணம் வாங்குவதை ஆட்டக்காரர் சகித்தனர். பலத்தையே விலைக்கு விற்பதை அநியாயமென வெறுத்தனர். அந்த விவேகம் எனக்கு மிகவும் உவப்பானது. ஆயினும் அதிர்ஷ்டத்தைப் பெட்டியிலடைத்துச் சிறுவரிடம் விற்பதை என் மனம் ஒப்பவில்லை.

2020 செப்டம்பர் 2-இல் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடைசெய்ய, சேர்த்த தோல்களெல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறியாயின. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்னும் புதுநாமத்துடன் ஆட்டம் மீண்டது, பெட்டிகளும் கூடவே மீண்டன.