குழந்தைகளுக்கு ஏற்படும் எக்சிமா: களிம்புகளைப் பயன்படுத்தும் முறை

எக்சிமா தொற்றுநோய் அன்று. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம். தோலின் ஈரத்தைக் காக்கும் மேலடுக்கு வலுவிழப்பதால் வறட்சியும் அரிப்பும் உண்டாகின்றன. சொறியச் சொறியப் புண் பெருகும்.

ஆகவே ஈரப்பதக் களிம்பே அடிப்படைச் சிகிச்சையாகும். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் குளிப்பாட்டி, துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் உலருமுன் பூச வேண்டும். மணமூட்டப்படாத பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானது. விலையுயர்ந்த களிம்பு தேவையில்லை.

சிவந்து தடித்த இடங்களுக்கு மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு அளிப்பார். பெற்றோர் பலர் அச்சத்தால் இரண்டே நாளில் நிறுத்திவிடுகின்றனர். அரிப்பு மீண்டும் வருகிறது. கூறிய நாள்வரை பூசவும். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய அளவு, அவருடைய 2 உள்ளங்கை அளவுள்ள பரப்புக்குப் போதும். மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் தடவினால்தான் தோல் மெலியக்கூடும்.

சீழ், காய்ச்சல், வலியுடன் விரைந்து பரவும் கொப்புளங்கள் காணப்பட்டால் அன்றே மருத்துவமனையை அணுகவும்.