வாக்குக்குப் பிணை யார்? சமூக ஒப்பந்தக் கோட்பாட்டில் மதம்

அரசு மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிறந்தது என்று ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரும் வாதிட்டனர். அதனால் அவர்களுடைய மதப் பேச்சைப் பழைய காலத்தின் எச்சமாகவோ தணிக்கைக்கு அஞ்சிய பூச்சாகவோ கருதி ஒதுக்கும் வழக்கம் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. உடன்படிக்கையும் ஒரு வாக்குத்தான். கொடுத்த வாக்கை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த உடன்படிக்கைக்குள்ளேயே விடை தேட முடியாது. அந்தக் கடப்பாடு அதற்கு முன்பே இருந்தாக வேண்டும். மதம் நுழைவது இந்த இடத்தில்தான்.

லாக்கிடம் இது பளிச்செனத் தெரிகிறது. 1685இல் ஹாலந்தில் ஒளிந்து வாழ்ந்தபோது இலத்தீனில் எழுதி, 1689இல் அச்சான சகிப்புத்தன்மை பற்றிய கடிதத்தில், யூதருக்கும் இஸ்லாமியருக்கும்கூடக் குடியுரிமை மறுக்கலாகாது என்கிறார். அதே கடிதம் நாத்திகருக்குக் கதவைச் சாத்துகிறது. வாக்கும் உடன்படிக்கையும் சத்தியமும் அவர்களைக் கட்டுப்படுத்தமாட்டா என்பது அவர் சொல்லும் காரணம். இதை அக்காலத்து மனக்குறுகல் என்று மன்னித்துக் கடந்துவிட முடியாது. அரசுக்கு முந்தைய இயற்கை விதியை, மனிதர் இறைவனின் படைப்பு, அவனுடைய உடைமை என்ற கூற்றின் மேல்தான் அவர் நிறுவுகிறார். நாத்திகரை விலக்குவது அந்த அடித்தளத்திலிருந்தே வருகிறது. ஆனால் ராட்டர்டாமில் இருந்த பியர் பெய்ல் 1680களின் தொடக்கத்திலேயே, நாத்திகர் சமூகமும் ஒழுங்காக வாழும், மனிதரை நடத்துவது கொள்கையைவிடப் பழக்கமும் பழியச்சமுமே என்று எழுதியிருந்தார். பெய்லின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சத்தியம் கடமையோடு எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை என்றார் ஹாப்ஸ். அவருக்கு வாளே பிணை. ஆயினும் 1651இல் வந்த 'லெவியதன்' நூலில் ஏறத்தாழப் பாதி, விவிலியத்தையும் திருச்சபையையும் பற்றியது. தூக்குமரத்தைவிட நரகத்துக்கு அதிகம் அஞ்சுபவனிடம் வாள் செல்லாது. எனவேதான் வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமையையும் அரசிடமே ஒப்படைத்தார்.

ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்' (1762) குடிமைச் சமயம் ஒன்றை வகுக்கிறது. இறைவன், மறுமை, நல்லோர் பெறும் இன்பம், தீயோர் பெறும் தண்டனை ஆகியவற்றோடு ஒப்பந்தத்தின் புனிதமும் அதன் கோட்பாடுகளுள் ஒன்று. ஒப்பந்தமே நம்பிக்கைப் பொருளாகிவிட்ட இடம் இது. அதை ஏற்காதவரை நாடு கடத்தலாம். ஏற்பதாக அறிவித்துவிட்டு மாறாக நடப்பவருக்கோ மரணம். சட்டத்தின் முன் பொய் சொன்னதே அவர் குற்றம். லாக் அஞ்சிய பொய்ச்சத்தியத்துக்கு ரூசோ கொலைத்தண்டனை விதிக்கிறார்.

1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதி சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியபோது, இந்தத் தத்துவச் சிக்கல் அவைக்குள் வந்தது. கடவுள் பெயரின்றி உறுதிமொழி கூற அவர் கேட்டார், எதிர்ப்பு எழுந்தது. சத்தியமே செய்கிறேன் என்றபோது, நம்பாதவரின் சத்தியம் செல்லாது என்று தடுத்தனர். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தனர். வாக்குத் தவறாதவர் என்று ஒருவரை நம்ப, அவர்களுக்கு இறைவனின் பிணை தேவைப்படவில்லை. 1886இல்தான் அவரால் தடையின்றி அவையில் அமர முடிந்தது. உறுதிமொழியைச் சத்தியத்துக்கு நிகராக்கிய 1888ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னின்று நிறைவேறச் செய்தவரும் அவரே.