தணல்மேல் நடத்தலும் திருச்சபையின் வரலாறும்

ஊர்ப்புறச் சபையில் பணியேற்கும் இளம் ஆயர், திரௌபதி அம்மன் கோயில் தீமிதி விழாவை எங்கேனும் காண நேரிடும். விரதமிருந்து மஞ்சளாடை உடுத்திய அயலார் பூக்குழியில் இறங்கி, பாதம் வேகாமல் கரையேறுவர். மறுநாள் சபையாரில் ஒருவர், "ஐயா, அது எப்படி? நம்மவர் இறங்கினால் தாங்குமா?" என்று வினவுவார். விடையளிக்குமுன் நாம் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று தணலின் இயல்பு. மற்றொன்று நம் திருச்சபையே தணலில் நடந்த வரலாறு.

1935ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ஷால்ட்டன் என்ற ஊரில், காஷ்மீரில் பிறந்த குடா பக்ஸ் என்பவர் ஆய்வாளர் முன்னிலையில் வெறுங்காலுடன் தணல்மேல் நடந்தார். மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 430 பாகை செல்சியஸ். அவர் பாதங்கள் கொப்புளிக்கவில்லை. இதன் காரணம் எளியது. மரக்கரி வெப்பத்தை மெல்லவே கடத்தும்; நடப்பவரின் பாதமோ ஒவ்வோரடியிலும் ஒரு நொடிக்கும் குறைவாகவே தணலைத் தொடுகிறது. அதே வெப்பத்திலுள்ள இரும்புத் தகடு உடனே சுட்டுவிடும். எனினும் இது விளையாட்டன்று. தயங்கி நிற்பவரும் தடுக்கி விழுபவரும் கடுமையாக வெந்துபோவர்.

இனி வரலாற்றை நோக்குவோம். 1068ஆம் ஆண்டு, புளோரன்ஸ் நகரப் பேராயர் பொருள் கொடுத்துப் பதவி பெற்றார் என்று துறவியர் சிலர் குற்றஞ்சாட்டினர். அதை மெய்ப்பிக்க, பேதுரு என்னும் துறவி எரியும் இரு விறகடுக்குகளுக்கு இடையே வெறுங்காலுடன் தணல்மேல் நடந்து, ஊறின்றி வெளிவந்தார். பேராயர் பதவியிழந்தார், பேதுரு பின்னர்க் கர்தினாலாக உயர்ந்தார்.

1099இல் சிலுவைப்போர்ப் படையினரிடையே வேறொரு வழக்கு எழுந்தது. பேதுரு பர்த்தலோமேயு என்பவர், ஆண்டவரின் விலாவைக் குத்திய ஈட்டியைத் தாம் கண்டெடுத்ததாகக் கூறினார். ஐயுற்றோரின் வாயடைக்க, அந்த ஈட்டியுடன் தீயினூடே நடந்தார். சில நாட்களில் இறந்தார். தீயே அவரைக் கொன்றது என்றனர் ஒரு சாரார். தீயை வென்றவரைக் கூட்டம் நெரித்துக் கொன்றது என்றனர் மறு சாரார். வழக்கு தீரவில்லை, ஓர் உயிர் போயிற்று.

1215இல் போப்பு மூன்றாம் இன்னசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம், பழுக்கக் காய்ச்சிய இரும்பாலும் நீராலும் நடைபெறும் சோதனைகளுக்குக் குருமார் ஆசி வழங்கலாகாது என விதித்தது. குருவின் ஆசியின்றி அச்சோதனைகளுக்கு மதிப்பேது? இங்கிலாந்து 1219இல் அவற்றைக் கைவிட்டது. ஆயினும் பழைய ஆசை முற்றும் மடியவில்லை. 1498 ஏப்ரல் 7ஆம் நாள், அதே புளோரன்ஸ் நகரச் சதுக்கத்தில், சவனரோலாவின் போதனை மெய்யா பொய்யா என்று காண மீண்டும் விறகடுக்கினர். இரு தரப்பினரின் வாதத்திலேயே பொழுது கழிந்தது, மழையும் பெய்தது, எவரும் தீயில் இறங்கவில்லை. ஏமாந்த மக்கள் மறுநாள் அவருடைய மடத்தைத் தாக்கினர். மே 23இல் அவர் கொல்லப்பட்டார்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? பேராயரின் குற்றத்தைத் துறவியின் பாதம் அறியாது. மெய்யைச் சாட்சிகளாலும் ஆராய்ச்சியாலும் தேடவேண்டிய இடத்தில் திருச்சபை தணலைக் கேட்டது. கேட்டவர் விரும்பியதையே தணல் சொல்லிற்று. தேவாலய உப்பரிகையில் சோதனைக்காரனுக்கு நம் ஆண்டவர் அளித்த மறுமொழியை அது மறந்திருந்தது. தானியேல் நூலின் மூவரும்கூடத் தீயைச் சான்றாக நாடவில்லை. கடவுள் விடுவிக்காவிடினும் சிலையை வணங்கோம் என்பதே அவர்கள் நிலைப்பாடு.

ஆகவே, நம்மவரும் இறங்கிக் காட்டட்டும் என்ற அறைகூவலை ஆயர் ஏற்கலாகாது. அயலார் செய்வது பேயின் செயல் என்றோ ஏமாற்று என்றோ இகழவும் ஆகாது. பாதம் வேகாமையால் எச்சமயமும் மெய்ப்படுவதில்லை, வெந்தமையால் பொய்ப்படுவதுமில்லை. கால் வெந்தவரை விரதம் தவறியவர் என ஊரார் பழிப்பதுண்டு. புண்ணோடு நாணமும் அவரை வாட்டும். அவர் நம் சபையார் அல்லர் எனினும், அவர் வீட்டுத் திண்ணையில் சென்றமர்ந்து, தீ எவர் குற்றத்தையும் அறியாது என்று ஆறுதல் சொல்லி, மருத்துவமனைக்கு உடன் செல்வதே திருச்சபை அன்று செய்யத் தவறிய சாட்சி.