பறை முதல் நாதஸ்வரம் வரை... காசு இல்லாமல் கலை கத்துக்க முடியுமா? கலைஞர்களுக்கு அரசு என்ன தருது? முழு விவரம்

பாட்டு கிளாஸுக்கு மாசா மாசம் ஃபீஸ். டான்ஸ் கிளாஸ் என்றால் ஃபீஸோடு டிரெஸ், நகை, மேக்கப், கடைசியில் அரங்கேற்றச் செலவு வேறு. நகரத்தில் இருக்கும் நடுத்தரக் குடும்பங்களே இதற்குத் திணறும்போது, கிராமத்தில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இன்னொரு பக்கம், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த வீட்டில் மகன் வேறு வேலைக்குப் போகிறான். கூத்து கட்டிய குடும்பத்தில் பேரன் கம்பெனி வேலைக்குக் கிளம்புகிறான். "இது சோறு போடாதுப்பா" என்று சொல்லி அனுப்பி வைப்பதே அந்தக் கலைஞர்கள்தான்.

இந்த இரண்டும் தனித்தனிப் பிரச்சினை மாதிரி தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. கலைஞருக்கு வருமானம் இல்லையென்றால் சொல்லித்தர ஆள் இருக்காது. கத்துக்க ஆள் இல்லையென்றால் அந்தக் கலையே இருக்காது. இதற்காகத் தமிழ்நாட்டில் என்னென்ன ஏற்பாடுகள் இருக்கின்றன, அவை எங்கே கைகொடுக்கின்றன, எங்கே இடிக்கின்றன என்று பார்க்கலாம்.

மாவட்ட அரசு இசைப்பள்ளி என்றால் என்ன?

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் பள்ளிகள் இவை. மொத்தம் 17 இடங்களில் இருக்கின்றன. காஞ்சிபுரம், விழுப்புரம், கடலூர், சேலம், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சிவகங்கை, திருநெல்வேலி, தூத்துக்குடி, திருவாரூர், சீர்காழி, பெரம்பலூர், கரூர், ஈரோடு, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை ஆகியவைதான் அந்த ஊர்கள்.

இங்கே சொல்லித்தரப்படுவது 7 பாடங்கள்: குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். படிப்புக் காலம் 3 ஆண்டுகள். முடிவில் அரசுத் தேர்வு, சான்றிதழ் உண்டு.

யார் சேரலாம்?

வழக்கமாக 12 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கத்துக்கு 7ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு அதுகூட வேண்டாம். தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இந்த விதி சின்னதாகத் தெரிந்தாலும் முக்கியமானது. பரம்பரையாக வாசிக்கும் குடும்பங்களில், அப்பாவோடு கச்சேரிக்குப் போய்ப் போய் பள்ளிப்படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் கதவு மூடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தளர்வு பயன்படுகிறது.

செலவு எவ்வளவு?

ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். மாணவர்களுக்கு மாதம் 400 ரூபாய் உதவித்தொகையும் தரப்படுகிறது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அரசு விடுதி வசதி, பஸ் சலுகை ஆகியவையும் உண்டு. தனியார் வகுப்போடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட இலவசப் படிப்புதான்.

இதற்கு மேல் படிக்க விரும்பினால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய 4 இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஓவியம், சிற்பம் பக்கம் ஆர்வம் என்றால் சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் கவின்கலைக் கல்லூரிகள், மாமல்லபுரத்தில் கட்டட, சிற்பக்கலைக் கல்லூரி. 1850இல் தொடங்கப்பட்ட எழும்பூர் கல்லூரி நாட்டின் பழமையான கலைக் கல்லூரிகளில் ஒன்று.

ஸ்கூல் படிச்சுக்கிட்டே கத்துக்க முடியுமா?

மாவட்ட இசைப்பள்ளி முழுநேரப் படிப்பு. அதனால் பள்ளிக்குப் போய்க்கொண்டே அதையும் சேர்த்துப் படிப்பது கஷ்டம். பள்ளிப் பிள்ளைகளுக்காக இருப்பவை வேறு.

ஜவகர் சிறுவர் மன்றம்: 5 வயது முதல் 16 வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது. பாட்டு, நடனம், ஓவியம் போன்றவை பகுதி நேரமாக, பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும். கட்டணம் மிகக் குறைவு.

கலைத் திருவிழா: அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022-23 கல்வியாண்டில் தொடங்கப்பட்டது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. மாநில அளவில் முதலிடம் பிடிப்பவர்களுக்கு 'கலையரசன்', 'கலையரசி' பட்டம். மேடையே பார்க்காத பிள்ளைகளுக்கு மைக் முன்னால் நிற்க ஒரு வாய்ப்பு இது.

மத்திய அரசு உதவித்தொகை: கலாசார வள ஆதாரங்கள் மற்றும் பயிற்சி மையம் வழியாக 10 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகள் தேர்வு செய்யப்படுகிறார்கள். ஆண்டுக்கு 3,600 ரூபாய் உதவித்தொகையோடு, குருவுக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் ஒரு வரம்பு வரை திருப்பித் தருவார்கள். இரண்டு இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பித்து, முதல் பட்டப்படிப்பு முடியும் வரை அல்லது 20 வயது வரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை பெறலாம். பரம்பரைக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி இடங்களும் உண்டு. இது தெரியாமலேயே 14 வயதைத் தாண்டிவிடும் பிள்ளைகள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். ஏனென்றால் அதற்குப் பிறகு விண்ணப்பிக்க முடியாது.

பறை, கரகம், கூத்து எங்கே?

இங்கேதான் ஒரு முக்கியமான கேள்வி வருகிறது. மேலே சொன்ன 7 பாடங்களைத் திரும்பப் பாருங்கள். கோயில் இசை இருக்கிறது, சபா மேடை இசை இருக்கிறது. பறையாட்டம், கரகாட்டம், தெருக்கூத்து, ஒயிலாட்டம் இல்லை.

இந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய, 2023-24 வாக்கில் அரசு இசைப்பள்ளிகளிலும் கலைக் கல்லூரிகளிலும் பகுதி நேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி தொடங்கப்பட்டது. 17 வயதுக்கு மேற்பட்டவர்கள் சேரலாம். வாரத்தில் இரண்டு நாள், மாலை நேரத்தில் வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் வர வசதியாக இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பயிற்சி தருபவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்களே. ஊர் ஊராகப் போய் ஆடியவருக்கு 'ஆசிரியர்' என்ற இடம் கிடைக்கிறது. சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட பறை, அரசு வகுப்பறைக்குள் பாடமாக வருவது சாதாரண மாற்றம் இல்லை. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், புரிசை தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது பலரும் கொண்டாடியதற்குக் காரணமும் இதுதான்.

கூத்தும் படிப்பும்: ஒரு பள்ளியின் கதை

அரசுக்கு வெளியே நடந்த முயற்சிகளில் முக்கியமானது கட்டைக்கூத்து குருகுலம். கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபால், சின்ன வயதிலேயே பள்ளிப்படிப்பை விட்டு மேடை ஏறியவர். 1990இல் கட்டைக்கூத்துக் கலைஞர்களுக்கான சங்கம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தச் சங்கம் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002இல் குருகுலத்தைத் தொடங்கியது.

ஏன் குருகுலம்? கூத்து விடிய விடிய நடக்கும். ராத்திரி முழுக்க ஆடிய பிள்ளை காலையில் பள்ளிக்குப் போக முடியாது. அதனால் 'கூத்தா, படிப்பா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை.

பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய கலையில், இங்கே பெண் பிள்ளைகளும் பயிற்சி எடுத்து மேடை ஏறினார்கள். சுமார் 18 ஆண்டுகள் நடந்த அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்கே படித்து வெளியே வந்த பிள்ளைகள்தான் அதன் மிச்சம்.

கலைஞர்களுக்கு என்ன உதவி கிடைக்கும்?

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம்: 2007இல் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ள நாட்டுப்புறக் கலைஞர்கள் உறுப்பினராகலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, இயற்கை மரணம், ஈமச்சடங்கு ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. உறுப்பினர் அட்டை இல்லையென்றால் இதில் எதுவும் கிடைக்காது.

நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவி: தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக, வயதான, வருமானம் குறைந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வழங்கப்படுகிறது. கலைமாமணி விருது வழங்குவதும் 1955இல் தொடங்கப்பட்ட இதே மன்றம்தான்.

மத்திய அரசு உதவி: 60 வயதைத் தாண்டிய, வருமான வரம்புக்குள் இருக்கும் மூத்த கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை தரும் திட்டம் கலாசார அமைச்சகத்திடம் இருக்கிறது.

குரு-சிஷ்யத் திட்டம்: தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற மண்டல மையங்கள் நடத்துவது. அழிந்து வரும் கலையைச் சொல்லித்தரும் குருவுக்கு மாதம் 7,500 ரூபாய், கற்கும் சிஷ்யர்களுக்குத் தலா 1,500 ரூபாய். கலைஞருக்கு வருமானம், பிள்ளைக்குப் படிப்பு என இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்கும் திட்டம் இது.

அப்போ பிரச்சினை எங்கே?

முதல் சிக்கல், தூரம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். இசைப்பள்ளிகள் 17. பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு பெண் குழந்தையைத் தினமும் பஸ்ஸில் அனுப்ப எத்தனை பெற்றோர் சம்மதிப்பார்கள்? விடுதி இருந்தாலும் தயக்கம் போகாது.

இரண்டாவது, சீசன். கூத்துக்கும் கரகத்துக்கும் வருஷம் முழுக்க வேலை கிடையாது. மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை நடக்கும் திருவிழாக்கள்தான் பெரும்பாலும் வருமானம். அந்தச் சில மாதச் சம்பாத்தியத்தில் 12 மாதமும் ஓட்ட வேண்டும். 2020இல் பொதுமுடக்கம் வந்தது பங்குனியில். 2021இல் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது சித்திரைக் கடைசியில். அடுத்தடுத்து இரண்டு சீசன் அப்படியே போனது. கடன் வாங்கியவர்கள், வாத்தியத்தை அடகு வைத்தவர்கள், கலையை விட்டே போனவர்கள் என்று அதன் அடி இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது, பள்ளிகளில் கலை ஆசிரியர்களின் நிலை. 2012இல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை போராட்டத்தில் இறங்கினார்கள். டிராயிங் பீரியடை மேத்ஸ் வாத்தியார் எடுத்துக்கொள்வது ஜோக் இல்லை. பாடத்தையும் ஆசிரியரையும் 'பகுதி நேரமாக' வைத்திருப்பதன் விளைவு அது.

நான்காவது, அட்டை. வாரியத்தில் பதிவு செய்யவும் மாத உதவி பெறவும் வயதுச் சான்று, வருமானச் சான்று, கலைஞர் என்பதற்கான ஆதாரம் வேண்டும். 30 வருஷம் ஊர் ஊராக ஆடியவரிடம் ஒரு போட்டோகூட இருக்காது. தகுதி இருந்தும் உதவி கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

என்ன செய்யணும்? சுருக்கமாக...

பிள்ளைகளைச் சேர்க்க: இசைப்பள்ளி சேர்க்கை புதிய கல்வியாண்டின் தொடக்கத்தில் நடக்கும். அருகில் உள்ள இசைப்பள்ளித் தலைமை ஆசிரியரை நேரில் பார்த்தால் விண்ணப்பம் கிடைக்கும். மாற்றுச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் எடுத்துச் செல்வது நல்லது.

கலைஞராகப் பதிவு செய்ய: கலை பண்பாட்டுத் துறையின் மண்டல உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

ஆதாரம் சேர்க்க: நிகழ்ச்சி நடத்தும்போது போட்டோ, வீடியோ, நோட்டீஸ், கோயில் கமிட்டி கொடுக்கும் ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பிள்ளைகள் இதைச் செய்து கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

தொகை, வயது வரம்பு, வருமான வரம்பு ஆகியவை அரசாணைப்படி அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் நடப்பு ஆண்டு அறிவிப்பைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

அரசு அட்டை இருக்கட்டும். ஊர்த் திருவிழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு நாள் கூத்தும் வைக்கலாம். வீட்டுக் கல்யாணத்துக்கு ரெக்கார்டு போடாமல் நாதஸ்வரம், தவில் சொல்லலாம். பேசிய பணத்தைக் குறைக்காமல் அன்றைக்கே கையில் கொடுக்கலாம். அடுத்த வருஷமும் அந்தக் குழு வருமா என்பது பெரும்பாலும் அந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது.