விமான நிலையத்தின் பெயரும் வர்க்க நினைவும்

பொதுக் கட்டடங்களுக்குப் பெயரிடுவது பற்றிய பூசல்களைக் கட்சிப் பகையாக மட்டுமே நோக்குவது போதாது. 1981 ஆகஸ்ட் 3இல் அமெரிக்க வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஊதியமும் வேலைநேரமும் குறித்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 48 மணி நேரக் கெடு முடிந்ததும், ஜனாதிபதி றொனால்ட் றீகன் 11,000க்கும் மேற்பட்டோரைப் பதவிநீக்கினார். அரச ஊழியரின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்த சட்டமே அவரது ஆயுதமாயிற்று. அவர்தம் சங்கமும் அங்கீகாரம் இழந்தது. 1980 தேர்தலில் றீகனை ஆதரித்து நின்ற சங்கம் அது!

1997இல் புதிய முனையக் கட்டடம் திறக்கப்பெற்ற வாஷிங்டன் தேசிய விமான நிலையத்துக்கு, 1998 பெப்ரவரியில் அதே றீகனின் பெயர் சூட்டப்பட்டது. பதவிநீக்கத்தை நினைவூட்டி எழுந்த எதிர்ப்புகள் பலிக்கவில்லை. பதவிநீக்கப்பட்டோரை மீளச் சேர்ப்பதற்கிருந்த தடையை 1993இல் அகற்றிய கிளின்டனே இப்பெயர்ச் சட்டத்திலும் கையொப்பமிட்டார். தாராளவாதத்தின் இரு முகங்களும் ஒரே பேனாவிற் கண்டன எனலாம்.

மத்திய அரசின் தலையீட்டைக் குறைப்பதே றீகனியத்தின் பிரகடனம். உள்ளூர் நிர்வாகங்களின் மறுப்பை மீறி அவர் பெயரை நாட்டியதோ காங்கிரசின் மத்திய அதிகாரம். 2001இல் அருகிலிருந்த மெற்றோ நிலையத்தின் பலகைகளையும் மாற்றுமாறு அதே காங்கிரஸ் பணித்தது. செலவு உள்ளூர்ப் போக்குவரத்து நிறுவனத்தின் தலையிலே விழுந்தது.