இடமும் இணைப்பும்: தமிழ் விவிலியங்களில் ‘கிறிஸ்துவுக்குள்’

1. முன்னுரை

பவுலின் திருமுகங்களில் மிகுதியாகப் பயின்றுவரும் தொடர்களுள் ஒன்று ‘என் கிறிஸ்தோ’ என்னும் கிரேக்கத் தொடராகும். இதில் ‘என்’ என்பது இடப்பொருள் தரும் முன்னுருபு. செருமானிய அறிஞர் அடோல்ஃப் டைஸ்மான் 1892ஆம் ஆண்டில் இத்தொடரைத் தனி நூலொன்றில் ஆராய்ந்தார். ‘ஆண்டவரில்’ முதலிய ஒத்த வடிவங்களையும் சேர்த்து 164 இடங்களில் இது வருவதாகக் கணக்கிட்டார். நம்பிக்கையாளர் தம்மை யாரெனக் கருதவேண்டும், அவருடைய மீட்பு எதனால் உறுதிப்படுகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கும் பவுல் தரும் விடை இச்சிறு தொடரில் அடங்கியுள்ளது. இதனைத் தமிழாக்கியவர்கள் ஓர் உருபைத் தெரிவுசெய்தபோது ஒரு கோட்பாட்டின் வடிவத்தையும் தெரிவுசெய்தனர். அத்தெரிவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கிரேக்க மூலத்தின் பொருட்பரப்பு

‘என்’ என்னும் முன்னுருபின் அடிப்படைப் பொருள் இடமே. எனினும் எபிரேயத்தின் ‘பெ’ என்னும் முன்னொட்டுக்கு ஈடாகச் செப்துவாசிந்து மொழிபெயர்ப்பில் இது பெரிதும் ஆளப்பட்டமையால் கருவி, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களும் இதன்பால் வலுப்பெற்றன. டைஸ்மான் இடப்பொருளையே வற்புறுத்தினார். மனிதர் காற்றினுள் வாழ்வதுபோல நம்பிக்கையாளர் கிறிஸ்துவினுள் வாழ்கின்றனர் என்பது அவர் கருத்து. பின்வந்த ஆய்வாளர் பலர் ஒரே பொருளை எல்லா இடங்களுக்கும் பொருத்துதல் இயலாதென்றனர்.

பவுல் ‘உடன்’ எனப் பொருள்படும் ‘சுன்’ என்பதனை வேறாகவே ஆள்கிறார். உரோமையர் 6ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துவுடன் அடக்கம் செய்யப்படுதல், அவருடன் வாழ்தல் ஆகியன ‘சுன்’ சேர்ந்த வினைகளாக வருகின்றன. ஆனால் 11ஆம் வசனத்தில் நம்பிக்கையாளரின் இப்போதைய நிலையைச் சொல்லுமிடத்து ‘என்’ வருகிறது. நிகழ்ந்ததில் பங்குபெறுதல் ஒன்று. அதன் பயனாக வாய்த்த நிலை மற்றொன்று.

3. தமிழில் எழும் இடர்ப்பாடு

நன்னூல் ஏழாம் வேற்றுமைக்குத் தரும் 28 இடப்பொருள் உருபுகளுள் ‘உள்’, ‘இல்’ இரண்டும் உள. ஆயினும் உயர்திணைப் பெயரோடு இவை சேரும்போது பொருள் வேறுபடுகிறது. ‘வீட்டில்’ என்பது இயல்பான இடப்பொருள். ‘அவர்களில் ஒருவர்’ என்பதிலோ ‘இல்’ கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. மக்கட்பெயருக்கு வழக்கில் வரும் ‘இடம்’ என்பது ‘அவரிடம் பணம் இருக்கிறது’ என உடைமையையோ, ‘அவரிடம் சொன்னான்’ என இலக்கையோ சுட்டும்.

‘உள்’ நான்கன் உருபோடு சேர்ந்து ‘எங்களுக்குள்’ எனப் பன்மையில் வரும்போது ‘எங்களிடையே’ என்று பொருள்படும். ‘எனக்குள்’ என ஒருமையில் வரும்போது உள்ளத்தைக் குறிக்கும். எண்ணமும் அச்சமுமே அங்கு இருப்பனவாகும். எனவே கிறிஸ்து நம்பிக்கையாளருக்குள் இருக்கிறார் என்பது தமிழுக்கு எளிதில் பொருந்துகிறது. நம்பிக்கையாளர் கிறிஸ்துவுக்குள் இருக்கிறார் என்பது அவ்வாறு பொருந்துவதில்லை. ஓர் ஆள் மற்றோர் ஆளுக்குள் இருத்தலைச் சொல்லும் வழக்குத் தமிழில் இல்லாமையே இதற்குக் காரணம்.

4. மொழிபெயர்ப்புகளின் தெரிவு

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பப்ரிசியசின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. அம்மரபைத் தழுவி, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கிய திருத்தம் 1871இல் முழு விவிலியமாக நிறைவுற்றது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளது இதுவே.

இப்பதிப்பு பவுலின் தொடருக்குப் பெரும்பாலும் ‘கிறிஸ்துவுக்குள்’ என்பதனை ஆள்கிறது. யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் திராட்சைக்கொடி உவமையில் ‘என்னில்’ என ‘இல்’ வருகிறது. வழக்கில் இல்லாத ஓர் உறவைச் சொல்ல வழக்கில் இல்லாத ஓர் ஆட்சியையே மொழிபெயர்ப்பாளர் துணிந்து ஏற்றனர். நாளடைவில் அது கிறிஸ்தவத் தமிழின் அடையாளமாகி, மன்றாட்டிலும் மடல் முகப்பிலும் இயல்பாயிற்று.

கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. இது பல இடங்களில் ‘கிறிஸ்துவோடு இணைந்து’ என்னும் ஆட்சியை மேற்கொள்கிறது. பொதுப் படிப்பாளிக்கு இது உடனே விளங்கும். ஆனால் ‘ஓடு’ என்பது உடனிகழ்ச்சி உருபாதலால் மூலத்திலுள்ள ‘என்’, ‘சுன்’ வேறுபாடு மங்குகிறது. இணைதல் இருவர் செயலாகவும் தோன்றக்கூடும். இணைந்தது பிரியவும் கூடும். உள்ளிருத்தலிலோ சூழ்ந்து காப்பவர் ஒருவரே என்னும் குறிப்புண்டு. மறுபுறம், ‘உள்’ இடத்தை உணர்த்துமளவு உறவை உணர்த்துவதில்லை என்பதனையும் மறுத்தற்கில்லை.

5. உரோமையர் 8: ஒரு சான்று

இவ்வேறுபாட்டின் விளைவை உரோமையர் 8ஆம் அதிகாரம் தெளிவாகக் காட்டும். தண்டனைத் தீர்ப்பு இல்லை என்று தொடங்கும் இவ்வதிகாரம், இறையன்பிலிருந்து எதுவும் பிரிக்கவியலாது என்று முடிகிறது. கிரேக்கத்தில் முதல் வசனத்திலும் இறுதி வசனத்திலும் அதே தொடரே அமைந்து, அதிகாரம் முழுவதையும் இரு கரைபோல் காக்கிறது.

1871ஆம் ஆண்டுப் பதிப்பில் முதல் வசனத்தில் ‘உட்பட்டவர்களாயிருந்து’ என்றும், இறுதியில் ‘இயேசுவிலுள்ள’ என்றும் உருபு மாறிவிடுவதால் இரு கரைகளும் ஒன்றென்பது புலப்படுவதில்லை. ‘சட்டத்துக்கு உட்பட்டு’ என்பது போன்ற வழக்கால் ‘உட்படுதல்’ ஆட்சிக்கு அடங்குதலையும் குறிக்கும். தீர்ப்பைப் பற்றிய இவ்விடத்திற்கு அக்குறிப்பு பொருந்துவதே.

இதனினும் முதன்மையானது தொடரமைப்பு. அப்பதிப்புக்கு அடிப்படையான கிரேக்கப் பாடத்தில், ஊனியல்பின்படி நடவாமல் ஆவியின்படி நடப்பவர் என்னும் பகுதியும் முதல் வசனத்தில் உண்டு. பழமையான கையெழுத்துப் படிகளில் இது இல்லாமையால் திருவிவிலியம் இதனை அவ்விடத்தில் சேர்க்கவில்லை. கிரேக்கத்தில் ‘கிறிஸ்துவினுள் உள்ளோர்’ என்பது வினையின்றிப் பெயராகவே நிற்கிறது. தமிழில் அது ‘இருந்து’ என்னும் வினையெச்சமாகி, ‘நடக்கிறவர்களுக்கு’ என்னும் வினையாலணையும் பெயருக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் அடையாளம் துணைநிலையையும் நடத்தை தலைமை நிலையையும் பெறுகின்றன. வாக்குறுதி நிபந்தனைபோல் ஒலிக்கிறது. இவ்வசனத்தைச் செவிவழியாகவே கேட்டுவந்த தலைமுறையினருக்கு இது சிறு வேறுபாடன்று.

6. முடிவுரை

‘உள்’ நம்பிக்கையாளரின் உறுதியை இடமாகக் காட்டுகிறது. ‘இணைந்து’ அதனை உறவாகக் காட்டுகிறது. மூலம் இரண்டையும் ஓர் உருபில் தாங்குகிறது. தமிழில் இரண்டையும் ஒருங்கே தரும் சொல் இல்லாத நிலையில், எதனைத் தெரிவுசெய்தாலும் ஒரு வாதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அதனையே பேணுதல் மொழிபெயர்ப்பாளர் கடன். அவ்வாறு பேணினால், ஒரே இடத்திலிருந்து பேசப்படும் உறுதியை ஒரே உறுதியாகவே கேட்போரும் உணர்வர்.