அமுக்கத்தின் மேல் அமுக்கம்

பெற்றோல் எஞ்சினின் உருளையில் பிஸ்டன் கீழெல்லையில் நிற்கும்போது அதன் மேலுள்ள இடம், அது மேலெல்லையை அடையும்போது எட்டில் ஒன்றாகச் சுருங்குமாயின், அவ்வெஞ்சினின் அமுக்க விகிதம் எட்டுக்கு ஒன்று என்பர். விகிதம் உயர உயர, அதே எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் பெருகும். ஆயின் அளவு மீறினால், அமுங்கிச் சூடேறிய கலவையின் ஒரு பகுதி, தீச்சுடர் வந்து சேருமுன்னரே தானாக வெடிக்கும். இதனை எஞ்சினின் தட்டல் என்பர். அது நீடித்தால் பிஸ்டனே உடைந்துபோகும்.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை கோரிய டர்போ முறை இச்சிக்கலை மேலும் இறுக்கியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதனோடிணைந்த மற்றொரு சக்கரம் வளியை உருளைக்குள் நெருக்கித் தள்ளும். உருளையின் அளவு மாறாமையால் அமுக்க விகிதமும் மாறுவதில்லை. எனினும் முன்னரே அமுங்கிய வளி மீண்டும் அமுக்கப்படுவதால், முடிவில் எழும் அமுக்கமும் வெப்பமும் மிகுந்துவிடுகின்றன.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் இரு பிரிவினர் இதற்கு இருவேறு விடை கண்டனர். செவ்ரலே பிரிவினர் கோர்வயர் காரின் டர்போ எஞ்சினில் விகிதத்தை 9இலிருந்து 8ஆகக் குறைத்தனர். ஓல்ட்ஸ்மொபீல் பிரிவினரோ தமது ஜெட்பயர் காரில் 10.25 என்னும் உயர்ந்த விகிதத்தைக் கைவிட இசையவில்லை. தட்டலைத் தடுக்க, நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை எரிகலவையோடு சேரச் செய்தனர். அது ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். 3.5 லீற்றர் எஞ்சின் 215 குதிரைவலுவைத் தந்தது.

கணக்கில் பிழையில்லை. ஆனால் திரவத் தொட்டியை நிரப்பும் பொறுப்பு உரிமையாளரைச் சார்ந்திருந்தது. பலர் அதனை மறந்தனர். தொட்டி வெறுமையானதும் காவல் வால்வு டர்போவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்த, வண்டி வலுவிழந்தது. 1963உடன் ஜெட்பயரின் உற்பத்தி நின்றது. 1965இல் டர்போவைக் கழற்றிச் சாதாரண காபரேற்றர் பொருத்தித்தர நிறுவனமே முன்வந்தது. விகிதத்தைக் குறைத்த கோர்வயர் டர்போ 1966 வரை விற்பனையாயிற்று.

இன்று 10க்கு மேற்பட்ட விகிதமுடைய டர்போ எஞ்சின்கள் பல ஓடுகின்றன. உட்செல்லும் வளி குளிர்விக்கப்படுகிறது. எரிபொருள் உருளைக்குள் நேரே தெளிக்கப்படுகிறது. தட்டலை ஓர் உணரி கேட்டறிந்து தீமூட்டும் நேரத்தைத் திருத்துகிறது. ஓல்ட்ஸ்மொபீல் பிரிவினர் நாடிய விகிதம், காவற்பொறுப்பை மனித நினைவிலிருந்து எடுத்துப் பொறியிடம் ஒப்படைத்த பின்னரே ஈடேறியது.